நூறில் ஐந்து

ஸ்ரான்லி வீதியிலிருந்து ஓட்டோவில் வந்திறங்கியது கிராங்.
சாக்கில் சுற்றி, கிறீஸ் பூசி,
யாரோ ஒருவரின் கல்யாணக் கார்ட் மட்டையில்
"பத்து சைஸ், ஓகே" என்று எழுதிக் கட்டியிருந்தது.
ஓகேக்குக் கீழே இரண்டு கோடு.

கோடு போட்டவன் அளக்கவில்லை.

மூன்றாம் ஜேர்னலில் மைக்ரோமீற்றரை வைத்தேன்.
இந்தக் கரையில் சரி.
அந்தக் கரையில் நூறில் ஐந்து மில்லிமீற்றர் குறைவு,
தலைமயிரிலும் மெல்லிசு.
துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்;
இரும்பு என்மேல் இரக்கப்படவில்லை.
நகத்தால் தோள்வளைவைத் தடவினால்
வளைவே இல்லை, மூலை.
அங்கேதான் ஒருநாள் வெடிப்புத் தொடங்கும்,
நெடுந்தீவுக்கு அப்பால், காற்று எழும்பும் நேரம் பார்த்து.

எண்ணெய்த் துவாரங்களில் அரைதூள்.
வெளியே கிடந்த புளொக்கையும் அளந்தேன்:
முதலாம் சிலிண்டர் நூறில் இரண்டு பெரிது.
அதை எழுதும்போது
பேனை கடதாசியைக் கிழித்தது.

போனில் றெஜினோல்ட்:
"ஓடும் அண்ணை. எத்தினை எஞ்சின் குடுத்தனான். ஓடும்."

ஓடும்.
அந்த ஒரு சொல்லில்தான்
இந்தக் கரையில் பாதி எஞ்சின் ஓடுகிறது.
மற்றப் பாதி நடுக்கடலில் நிற்கிறது.

கத்தினேன்.
உன்ரை லேத்தைத் தேங்காய் திருவக் குடு என்றேன்.
வைத்துவிட்டான்.

பின்னேரம் சந்தியாப்பிள்ளை வந்தார்.
மூன்று கிழமையாய் அவரின் படகு குருநகர் ஜெற்றியில்.
ஞாயிறுக்கு ஐஸ் சொல்லியாயிற்று.
ஒயில் பானை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
நான் நூறில் ஐந்தை விளக்கினேன்,
அவருக்கு அது விளங்கவில்லை, விளங்கத் தேவையுமில்லை.
"இப்பிடியே பூட்டினால்
முதல் நாள் நீயும் ஏறி வருவியோ?"

பெயாரிங் பெட்டியை மூடினேன்.

நித்திரை வரவில்லை.
பத்து மணிக்கு டோர்ச்சோடு போய்
முதலாம் சிலிண்டரைத் திரும்ப அளந்தேன்.
சரி.
குறுக்கே அளந்தேன், அடியில் அளந்தேன்,
சரி, சரி.
மத்தியானம் அந்த புளொக் வெயிலில் கிடந்தது.
வெயிலை அளந்து
அவன் பெயரில் எழுதியிருக்கிறேன்.

காலை கிராங்கோடு போனேன்.
லேத்துப் பட்டறையில் றேடியோ போய்க்கொண்டிருந்தது.
"சிலிண்டர் சரி. பிழை என்னுடையது.
தேங்காய்க் கதைக்கும் மன்னிக்க வேணும்.
ஆனால் இது பிழை."

றேடியோவை நிறுத்தினான்.
தன் மைக்ரோமீற்றரைத் துடைத்தான்,
இந்தக் கரை, அந்தக் கரை.
நெடுநேரம் எடுத்தது அவனுக்கு, இரண்டு இலக்கம் வாசிக்க.

"கரண்ட் இறங்கேக்க நிப்பாட்டியிருக்க வேணும்," என்றான்.
"பிறகு, உங்களுக்கு அவசரமெண்டு."

அவசரம் என்னுடையதுதான்.
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

காசுக்கு ஒரு மணித்தியாலம் பேசினோம்.
திரும்ப அரைப்பது சும்மா.
இருபது சைஸ் பெயாரிங் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும்,
பாதி அவன், பாதி நான்.
திறந்த பத்து சைஸ் பெட்டியைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான்;
அது என் அலுமாரியில் கிடக்கட்டும்.
சந்தியாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை.

துவாரம் கழுவ பாமசியில்
பால்போத்தில் பிரஷ் கேட்டேன்.
"பிள்ளைக்கு எத்தினை மாதம்?"
"மூண்டு சிலிண்டர்," என்றேன்.
அந்தப் பெட்டை சிரிக்கவில்லை.
மண்ணெண்ணெய், சவர்க்காரம், காற்று,
ஐந்தாவது துணியும் சாம்பலாய்த்தான் வந்தது.
ஆறாவது வெள்ளை.

ஞாயிறு மற்றவர்களின் எஞ்சின் சத்தம்
பட்டறை வரைக்கும் கேட்டது.

செவ்வாய் கிராங் வந்தது, அதே சாக்கு.
மட்டையில் ஓகே இல்லை.
பென்சிலால் ஆறு இலக்கங்கள்,
ஜேர்னலுக்கு இரண்டு,
ஒன்று அழித்துத் திருத்தியிருந்தது.

நிழலில் வைத்தேன்.
தேத்தண்ணி குடித்து முடிய
இரும்பைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று தெரிந்து,
ஆறையும் அளந்தேன்.